மின்பாதை ஐயங்கள்: ஒரே கோபுரத்தில் இரண்டு சர்க்யூட்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஒரே மின்கோபுரத்தின் இரு பக்கமும் செல்லும் இரண்டு சர்க்யூட்டுகளை (ஒவ்வொன்றும் மூன்று கம்பிகள் கொண்ட ஒரு தொகுதி) கணினி ஆய்வில் எப்படிக் காட்டுவது என்று மாணவர் முதல் துணைமின் நிலையப் பொறியாளர் வரை பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். எல்லாப் பதில்களிலும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு 230 கே.வி. (கிலோ வோல்ட்) டபுள் சர்க்யூட் மின்பாதையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பாசிட்டிவ் சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ் (சமச்சீரான மின்னோட்டத்துக்கு மின்பாதை காட்டும் தூண்டல் எதிர்ப்பு) 40 ஓம், ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ் (மூன்று கம்பியிலும் ஒன்றுபோல் ஓடும் மின்னோட்டத்துக்குக் காட்டுவது) 120 ஓம், இரண்டுக்கும் இடையிலான ஜீரோ சீக்வென்ஸ் பரிமாற்று ரியாக்டன்ஸ் (ஒன்றில் ஓடுவது மற்றதில் தூண்டும் அளவு) 70 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வசதியாக மின்தடையை விட்டுவிட்டேன். இவை எந்தக் குறிப்பிட்ட மின்பாதையின் எண்களும் அல்ல. ஆனால் இந்த வகை மின்பாதைகளுக்கு இயல்பான அளவுகளே.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக லோடு ஃப்ளோ ஆய்வு (எந்த மின்பாதையில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்ற கணக்கு) செய்கிறேன். ஒரே மாதிரியான இரண்டு சர்க்யூட்டுகளை, இம்பீடன்ஸை (மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்த எதிர்ப்பை) பாதியாக்கி ஒரே கிளையாகக் காட்டினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது சரியா? — பொறியியல் மாணவி, கோவை

பதில்: இரண்டு சர்க்யூட்டும் ஒரே வகைக் கம்பியால் ஆனவையாக இருந்து, இரு முனைகளிலும் ஒரே பஸ்பாரில் (நிலையத்தில் மின்பாதைகள் வந்து சேரும் பொதுக் கடத்தியில்) இணைந்து, இரண்டும் இயக்கத்தில் இருக்கும்போது மட்டும் கணக்குப் போடுவதென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். மின்தடையும் ரியாக்டன்ஸும் பாதியாகும். ஆனால் தரைக்கும் கம்பிக்கும் இடையிலான மின்தேக்கும் கொள்ளளவு (சார்ஜிங் அளவு) இரட்டிப்பாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொடர் அளவுகளைப் பாதியாக்கிய கையோடு சார்ஜிங் அளவையும் பாதியாக்கிவிடுவது மாணவர்களின் ஆய்வுகளில் நான் அடிக்கடி காணும் பிழை. பகல் நேரச் சுமையில் இந்தப் பிழை வெளியே தெரியாது. நள்ளிரவில் சுமை குறைந்து, மின்பாதையின் எதிர்முனையில் மின்னழுத்தம் உயர வேண்டிய வேளையில் உங்கள் ஆய்வில் அது உயராமல் நின்றுவிடும். அதை நம்பி, அங்கே ஷன்ட் ரியாக்டர் (மிகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) தேவையில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

நீண்ட மின்பாதைகளுக்கு இன்னொரு திருத்தம் உண்டு. 50 ஹெர்ட்ஸில் மின்னலையின் நீளம் சுமார் 6,000 கிலோமீட்டர் என்பதால், 300 கிலோமீட்டர் மின்பாதை அந்த அலையில் இருபதில் ஒரு பங்கு. அந்த நீளத்தில், கிலோமீட்டர் அளவை நீளத்தால் பெருக்கிக் கிடைக்கும் ரியாக்டன்ஸ், உண்மையான சமான பை மாதிரியில் (முழு மின்பாதையையும் நடுவில் ஒரு தொடர் உறுப்பாகவும் இரு முனைகளில் ஷன்ட் உறுப்புகளாகவும் காட்டும் மாதிரி) வருவதைவிடச் சுமார் ஒன்றரை சதவீதம் மிகும். இரண்டு சர்க்யூட்டை ஒன்றாக்கிய பிறகு இந்தத் திருத்தத்தைச் செய்யலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். தாராளமாகச் செய்யலாம். தொடர் இம்பீடன்ஸ் பாதியாகி ஷன்ட் அட்மிட்டன்ஸ் (சார்ஜிங் அளவு) இரட்டிப்பாவதால் இரண்டின் பெருக்கல் மாறுவதில்லை. திருத்தமோ அந்தப் பெருக்கலை மட்டுமே சார்ந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரே கிளையாகக் காட்டாதீர்கள் என்பதுதான் என் அறிவுரை. ஆய்வு செய்வதன் நோக்கமே, ஒரு சர்க்யூட் விழுந்தால் மற்றது தாங்குமா என்று பார்ப்பது. இரண்டையும் ஒரே கோடாக வரைந்துவிட்டால், ஒன்றை மட்டும் விலக்கிப் பார்க்க வழியே இல்லை. ஒவ்வொன்றும் 200 மெகாவாட் தாங்கும் என்றும், இரண்டிலும் சேர்ந்து 300 மெகாவாட் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கிளையின் வரம்பு 400 என்பதால் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. ஒரு சர்க்யூட் டிரிப் ஆனால் அந்த 300-இல் எவ்வளவு மீதமுள்ள சர்க்யூட்டுக்கு வரும், எவ்வளவு சுற்றுவழியாக வேறு மின்பாதைகளுக்குப் போகும் என்பது முழு வலையமைப்பையும் கணக்கிட்டால்தான் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கவே உங்கள் மாதிரி இடம் தராது.

இரண்டு மின்பாதைகளின் கம்பி வேறுபட்டால் சிக்கல் இன்னும் கூடும். 400 கே.வி.யில் ட்வின் மூஸ் (மூஸ் என்ற வகைக் கம்பி கட்டுக்கு இரண்டு) கம்பியின் ரியாக்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 0.33 ஓம், குவாட் மூஸ் கம்பிக்குச் சுமார் 0.25 ஓம். கட்டுக்கு நான்கு கம்பி உள்ளது, இரண்டு கம்பி உள்ளதைவிட இருமடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் மின்சாரம் தாங்கும் திறனைப் பார்த்துப் பங்கு பிரிவதில்லை. ரியாக்டன்ஸைப் பார்த்தே பிரிகிறது. ஒரே நீளமுள்ள இரண்டும் இணையாக இருந்தால், மொத்தத்தில் 57 சதவீதம் மட்டுமே குவாட் வழியாகப் போகும். மீதி 43 சதவீதம் ட்வின் மேல் விழும். ட்வின் தன் வரம்பான 100 பங்கைத் தொடும்போது குவாட் 132 பங்கையே சுமந்துகொண்டிருக்கும். இரண்டின் கூட்டுத் திறன் 300 பங்கு என்று பட்டியலில் இருந்தாலும் நடைமுறையில் கிடைப்பது 232 பங்குதான். பழைய மின்பாதைக்குப் பக்கத்தில் பெரிய மின்பாதை ஒன்றைக் கட்டிவிட்டு, பழையதன் சுமை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லையே என்று திகைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

கேள்வி: பரிமாற்றுத் தூண்டலை லோடு ஃப்ளோவில் விட்டுவிடலாம், எர்த் ஃபால்ட் (கம்பிக்கும் தரைக்கும் இடையிலான பழுது) ஆய்வில் விடக்கூடாது என்று பாடநூலில் இருக்கிறது. கம்பிகள் அதே கம்பிகள், இடைவெளியும் அதே இடைவெளி. ஓர் ஆய்வில் இல்லாத தூண்டல் இன்னொன்றில் எங்கிருந்து வருகிறது? — பாலிடெக்னிக் ஆசிரியர், மதுரை

பதில்: தூண்டல் எப்போதும் இருக்கிறது. சமச்சீரான சுமையில் அது தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஒரு சர்க்யூட்டின் மூன்று கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டங்களைக் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யமே வரும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி மறுபக்கத்தில் தொங்கும் கம்பிக்கு அந்த மூன்றும் ஏறக்குறைய சமதூரத்தில் இருப்பதால், ஒன்று தூண்டுவதை மற்ற இரண்டும் சேர்ந்து ஈடுசெய்துவிடுகின்றன. சிறிது மிச்சம் இருக்கும். கம்பிகளை வழியில் இடம் மாற்றிக் கட்டியிருந்தால் அந்த மிச்சமும், பெரும்பாலும், சர்க்யூட்டின் சொந்த இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். லோடு ஃப்ளோவில் அதை விட்டுவிடுவதால் பழுதில்லை.

சமச்சீரற்ற மூன்று மின்னோட்டங்களைச் சமச்சீரான கூறுகளாகப் பிரிக்கலாம் என்று ஃபோர்ட்டஸ்க்யூ 1918-இல் காட்டினார். அந்தக் கூறுகளில் ஜீரோ சீக்வென்ஸ் மட்டும் தனிக் குணம் உடையது. மூன்று கம்பிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே அளவில் ஓடுவதால் அங்கே ஒன்றையொன்று ஈடுசெய்யும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே தடித்த கம்பிபோல் பக்கத்துச் சர்க்யூட்டைத் தூண்டும். போன மின்னோட்டம் பூமி வழியாகவும் கோபுர உச்சியின் எர்த் வயர் வழியாகவும் திரும்புகிறது. பூமிக்குள் அது எவ்வளவு ஆழத்தில் திரும்புவதாகக் கொள்ளலாம் என்பதற்கு அடிப்படையான சமன்பாடுகளை 1926-இல் கார்சன் தந்தார். அவற்றிலிருந்து பெறும் எளிய வாய்பாட்டின்படி, மண்ணின் தடைமை 100 ஓம்-மீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் அந்தச் சமான ஆழம் சுமார் 930 மீட்டர். போகும் பாதைக்கும் திரும்பும் பாதைக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். பக்கத்துச் சர்க்யூட்டோ பன்னிரண்டு மீட்டரில். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள வளையத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கம்பியில் தூண்டல் பெரிதாக இருப்பதில் வியப்பென்ன? பாறை நிலத்தில் தடைமை 1,000 ஓம்-மீட்டரைத் தொடும்போது அந்த ஆழம் மூன்று கிலோமீட்டரை நெருங்கும். பரிமாற்றுத் தூண்டலும் இன்னும் சற்றுக் கூடும். மண்ணின் தடைமையை அளக்காமல், மென்பொருள் தரும் இயல்பு எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லதல்ல என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: எங்கள் நிலையத்தின் டபுள் சர்க்யூட் மின்பாதைக்கு டிஸ்டன்ஸ் ரிலே (மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பழுதின் தூரத்தை அறியும் காவல் கருவி) அமைப்பு எண்களைக் கணக்கிடும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஜீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் எது என்று கேட்டால் மூவர் மூன்று எண் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? — உதவிப் பொறியாளர், திருநெல்வேலி

பதில்: மூவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். ஒவ்வொருவரும் பக்கத்துச் சர்க்யூட்டை வெவ்வேறு நிலையில் வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள். நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். பக்கத்துச் சர்க்யூட் இரு முனைகளிலும் திறந்து, தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால் அதில் மின்னோட்டம் ஓடாது. உங்கள் சர்க்யூட்டின் ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ் அதன் சொந்த அளவான 120 ஓம். இரண்டும் இயக்கத்தில் இருந்து ஒரே திசையில் சம அளவில் மின்னோட்டம் தந்தால், ஒவ்வொன்றும் மற்றதன் தூண்டலையும் சேர்த்துச் சுமப்பதால் அது 190 ஓம் ஆகிவிடும். பக்கத்துச் சர்க்யூட்டை எல்.சி. (பராமரிப்பு வேலைக்கான அனுமதி) கொடுத்து நிறுத்தி, இரு முனைகளிலும் எர்த் சுவிட்சை மூடியிருந்தால், அந்த மூடிய வளையத்தில் எதிர்த்திசையில் மின்னோட்டம் தூண்டப்பட்டு உங்கள் சர்க்யூட்டின் ரியாக்டன்ஸைக் குறைத்துவிடும். அப்போது 70-இன் வர்க்கத்தை 120-ஆல் வகுத்து, 120-இலிருந்து கழிக்க வேண்டும். விடை 79 ஓம். கம்பி மாறவில்லை, நீளம் மாறவில்லை. பக்கத்தில் இருப்பதன் நிலை மாறியதால் ஒரே மின்பாதைக்கு 79, 120, 190 என்று மூன்று எண்கள்.

பரிமாற்றுத் தூண்டலையே மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மின் மூலத்தின் ரியாக்டன்ஸ் மூன்று சீக்வென்ஸிலும் 10 ஓம் என்று கொள்ளுங்கள். எதிர்முனை பஸ்பாரில் ஒரு கம்பி தரையைத் தொட்டால், இணையான இரண்டு சர்க்யூட்டின் ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ் தூண்டல் இல்லாமல் 60 ஓம், தூண்டலோடு 95 ஓம். முதல் கணக்கில் ஃபால்ட் மின்னோட்டம் 3.06 கிலோ ஆம்பியர். உண்மையில் வருவது 2.41 கிலோ ஆம்பியர். ஏறத்தாழ 27 சதவீதம் மிகைப்படுத்திய எண்ணை வைத்து எர்த் ஃபால்ட் ரிலேயை அமைத்தால், வேண்டிய நேரத்தில் அது மெதுவாக அசையும் அல்லது அசையாமலே இருந்துவிடும்.

இனி உங்கள் டிஸ்டன்ஸ் ரிலேக்கு வருவோம். ரிலே தன் சர்க்யூட்டின் மின்னோட்டத்தை மட்டும் அறியும். 40, 120 என்ற எண்களிலிருந்து கணக்கிட்ட தரைத்திருத்தக் காரணி (தரை வழியாகத் திரும்பும் மின்னோட்டத்துக்கான திருத்தம்) 0.667 அதில் பதிந்திருக்கும். முதல் மண்டலம் (ரிலே தாமதமின்றி இயங்கும் எல்லை) 80 சதவீதத்தில், அதாவது 32 ஓமில் இருக்கும். இரண்டு சர்க்யூட்டும் இயக்கத்தில் இருக்கையில் எதிர்முனை பஸ்பாரில் எர்த் ஃபால்ட் ஏற்பட்டால், 40 ஓம் தூரத்தில் இருக்கும் அந்தப் பழுது ரிலேக்கு 54 ஓம் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் மண்டலத்தை (சிறிது தாமதித்து இயங்கும் அடுத்த எல்லையை) வழக்கமான 120 சதவீதத்தில், 48 ஓமில் வைத்தவர்களுக்கு அந்தப் பழுது கண்ணிலேயே படாது. டபுள் சர்க்யூட் மின்பாதைகளுக்கு இரண்டாம் மண்டலத்தை 150 சதவீதத்தில் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இருப்பதன் பொருள் இங்கே விளங்கும்: 150 சதவீதம் என்பது 60 ஓம், 54 அதற்குள் அடங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான நிலைதான் என்னைப் பொறுத்தவரை அதிக ஆபத்தானது. பக்கத்துச் சர்க்யூட் இரு முனைகளிலும் எர்த் செய்யப்பட்டிருக்கும்போது அதே பஸ்பார் பழுது ரிலேக்கு 31.8 ஓமாகத் தெரியும். முதல் மண்டலத்தின் எல்லை 32 ஓம். எதிர்முனை நிலையத்தில் உள்ள பழுதைத் தன் மின்பாதையிலேயே உள்ள பழுது என்று கருதி, ரிலே காலதாமதமின்றி பிரேக்கரைத் திறந்துவிடும்.

பணிக்காலத்தில் இப்படி ஒன்றை நேரில் கண்டிருக்கிறேன். ஒரு சர்க்யூட்டில் வட்டு இன்சுலேட்டர்களை மாற்றுவதற்காகச் சில நாட்கள் எல்.சி. கொடுத்திருந்தார்கள். மற்றொரு சர்க்யூட் மட்டும் ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்த ஒரு பின்னிரவில், எதிர்முனை நிலையத்திலிருந்து புறப்படும் ஃபீடர் ஒன்றின் முதல் கோபுரத்தில் இன்சுலேட்டர் வெடித்தது. அந்த ஃபீடரின் பிரேக்கர் திறந்திருந்தால் போதும். ஆனால் எங்கள் பக்கத்து ரிலே அதை முந்திக்கொண்டது. இருந்த ஒரே சர்க்யூட்டும் போய், நிலையம் முழுவதும் இருண்டது. மறுநாள் சோதனைப் பெட்டியை வைத்து ரிலேயை மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் 32 ஓமில் துல்லியமாக இயங்கியது. ரிலேயில் குற்றம் இருந்தால்தானே தெரியும்? டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர் தந்த காகிதச் சுருளை மேசைமேல் விரித்து, அளவுகோலை வைத்து மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து வகுத்த பிறகுதான், ரிலே பார்த்த தூரம் பழுது இருந்த தூரத்தைவிடக் குறைவு என்பது புலப்பட்டது. அமைப்பு எண்களைக் கணக்கிட்ட ஆவணத்தில் இரண்டு சர்க்யூட்டும் ஒற்றைக் கோடாக வரையப்பட்டிருந்தன. எர்த் செய்த நிலை என்ற ஒன்று அதில் இல்லவே இல்லை.

பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரல் மின்னோட்டத்தை இந்த ரிலேக்குள் கொண்டுவந்து திருத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் இயக்கத்தில் இருக்கும்போது அது பயன்படும். ஆனால் எல்.சி. கொடுத்த நிலையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் எர்த் சுவிட்ச் வழியாகவே தரைக்குப் போய்விடும். எர்த் சுவிட்ச் மின்பாதையின் பக்கம் இருப்பதால், ஐசொலேட்டருக்கு உட்புறம் உள்ள கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (ரிலேக்கு மின்னோட்டத்தை அளந்து தரும் கருவி) அதைக் காணவே காணாது. எனவே, ரிலேயில் இரண்டாவது அமைப்புத் தொகுதி ஒன்றை உருவாக்கி, முதல் மண்டலத்தின் எர்த் ஃபால்ட் எல்லையைச் சுமார் 25 ஓமுக்குக் குறைத்து, எல்.சி. கொடுக்கும் நடைமுறையிலேயே அந்தத் தொகுதிக்கு மாறுவதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். உச்சி எர்த் வயரில் ஒளியிழை இருக்குமானால் லைன் டிஃபரன்ஷியல் பாதுகாப்பை முதன்மையாக வைக்கலாம். அது இரு முனை மின்னோட்டங்களை மட்டும் ஒப்பிடுவதால் பரிமாற்றுத் தூண்டல் அதை ஏமாற்றாது. நம் மின்கோபுரங்களில் அதற்கு வசதி வந்துவிட்ட பிறகும் டிஸ்டன்ஸ் ரிலேயை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஆய்வு மென்பொருளில் பரிமாற்றுத் தரவைச் சேர்த்த பிறகு ஃபால்ட் மின்னோட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. எங்கே தவறு? — திட்டப் பொறியாளர், சென்னை

பதில்: இரண்டாவது சர்க்யூட்டின் தொடக்க பஸ், முடிவு பஸ் வரிசையைப் பாருங்கள். ஒன்றை வடக்கிலிருந்து தெற்காகவும் மற்றதைத் தெற்கிலிருந்து வடக்காகவும் பதிந்திருந்தால், பரிமாற்று ரியாக்டன்ஸின் குறி தலைகீழாகிவிடும். அப்போது 95 ஓம் வர வேண்டிய இடத்தில் 25 ஓம் வரும். லோடு ஃப்ளோவில் கிளையின் திசை எப்படி இருந்தாலும் விடை மாறாது என்பதால், இந்தப் பிழை எர்த் ஃபால்ட் கணக்குப் போடும் நாள் வரை தரவுக்குள் ஒளிந்திருக்கும்.

கைக்கணக்கோடு ஒத்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரு சர்க்யூட்டும் ஒரு முனையிலாவது பொதுவான பஸ்பாரில் சேர்ந்தால், அந்த முனையிலிருந்து 70 ஓம் பொதுக் கிளையாகவும், அதன் பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 50 ஓம் தனிக் கிளையாகவும் பிரித்து வரையலாம். மறுமுனையும் சேர்ந்திருந்தால் இணையான இரண்டு 50 ஓம் சேர்ந்து 25. பொதுக் கிளையோடு 95. இரு முனைகளிலும் வெவ்வேறு பஸ்பார்களுக்குப் போகும் மின்பாதைகளுக்கு இந்த வரைபடம் உதவாது; அங்கே பரிமாற்று உறுப்பைக் கணக்கின் அணிக்குள் (மேட்ரிக்ஸ்) நேரடியாகச் சேர்ப்பதே வழி.

இரண்டும் முழு நீளத்துக்கும் சேர்ந்து செல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டரில் அறுபது மட்டும் ஒரே கோபுரத்தில் சென்று பிறகு பிரிந்தால் பரிமாற்று அளவு 42 ஓம் மட்டுமே. பழுது எந்தப் பகுதியில் நிகழ்கிறது என்பதற்கேற்ப அதன் விளைவும் மாறும். நில எடுப்புச் சிக்கலால் 400 கே.வி., 230 கே.வி. மின்பாதைகள் ஒரே கோபுரத்திலோ ஒட்டியோ செல்ல நேர்ந்தால், மின்னழுத்தம் வேறு என்பதற்காக அவற்றுக்கு இடையிலான தூண்டலை விட்டுவிடக் கூடாது. கம்பிக்கு வோல்ட்டேஜ் மட்டம் தெரியாது, இடைவெளிதான் தெரியும்.

கேள்வி: 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டதற்கும் இணை மின்பாதைகளுக்கும் தொடர்பு உண்டா? — வாசகர், ஈரோடு

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. அன்று குலைந்தது பரிமாற்றுத் தூண்டலால் அல்ல. இணையில் ஒன்று இல்லாததால். பீனா–குவாலியர்–ஆக்ரா 400 கே.வி. தடத்தில் ஒரு சர்க்யூட்டை 765 கே.வி.க்கு உயர்த்தும் பணிக்காக நிறுத்திவைத்திருந்தார்கள். மேற்கு மண்டலத்திலிருந்து வடக்கு மண்டலத்துக்குப் போகும் மின்சாரத்தில் பெரும் பங்கு, மீதமிருந்த ஒற்றைச் சர்க்யூட்டின் மேல் விழுந்தது. ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு, பீனா–குவாலியர் மின்பாதையின் டிஸ்டன்ஸ் ரிலே தன் மூன்றாம் மண்டலத்தில் (மிகத் தொலைவான காவல் எல்லையில்) இயங்கி அதைத் திறந்துவிட்டது. அந்த மின்பாதையில் அப்போது பழுது ஏதும் இல்லை. மிகுந்த சுமையும் குறைந்த மின்னழுத்தமும் சேர்ந்தபோது, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைத்த எண், தொலைவில் உள்ள ஒரு பழுதின் எண்போல ரிலேக்குத் தோன்றிவிட்டது. வடக்கு மண்டலம் பிரிந்து, சுமார் 36,000 மெகாவாட் சுமை இருண்டது. மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் அதே தடம் மீண்டும் அறுபட்டு, வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று மண்டலங்களிலும் சுமார் 48,000 மெகாவாட் போயிற்று.

தென்மண்டலம் அன்று தப்பியது. மற்ற மண்டலங்களோடு அப்போது நமக்கு இருந்த பெரும் இணைப்புகள் நேர்மின்னோட்ட வகையைச் சேர்ந்தவை. அங்கே அதிர்வெண் தடுமாறினால் இங்கே தடுமாறாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. மின்பாதை இயங்கத் தொடங்கியதிலிருந்து நாமும் அதே அதிர்வெண்ணில்தான் இருக்கிறோம். அந்தத் தடத்தின் முதல் சர்க்யூட் மட்டும் தனித்து இயங்கிய மாதங்களில், அது எந்த நொடி விழுந்தாலும் தாங்கும் அளவுக்கு மட்டுமே மின்சாரத்தை அனுப்ப வேண்டியிருந்தது. மின்பாதையின் வெப்பத் திறன் எத்தனை ஆயிரம் மெகாவாட்டாக இருந்தாலும், துணை இல்லாதபோது பயன்படும் அளவு வேறு. பீனா–குவாலியரிலும் இந்தக் கணக்கையே முன்கூட்டிப் போட்டிருக்க வேண்டும். ஒரு சர்க்யூட்டுக்கு விடுப்பு கொடுப்பதற்கு முன், மீதமுள்ளதும் போனால் என்ன ஆகும் என்று லோடு ஃப்ளோவிலும், மிகைச் சுமையில் அதன் மூன்றாம் மண்டலம் எந்த எண்ணைப் பார்க்கும் என்று ரிலேயிலும் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலை.

கேள்வி: என் தந்தை மின்பாதைப் பராமரிப்பில் இருந்தவர். சப்ளையை நிறுத்திய பிறகும் கம்பி கடிக்கும் என்று சொல்வார். இரு முனையிலும் நிறுத்திய கம்பியில் மின்சாரம் எப்படி வரும்? — இல்லத்தரசி, மேட்டூர்

பதில்: உங்கள் தந்தை அனுபவத்தில் கண்டது முற்றிலும் உண்மை. பக்கத்துச் சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போது, நிறுத்திய கம்பி அதனோடு காற்றை இடையில் வைத்த மின்தேக்கியாகச் செயல்படுகிறது. எர்த் செய்யாவிட்டால் அதில் சில ஆயிரம் வோல்ட் நிற்கும். ஒரு முனையில் எர்த் செய்தால் அது வடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஓடும் மின்னோட்டத்தின் தூண்டல் அப்போதும் மிஞ்சும். எர்த் செய்யாத மறுமுனையில் அது முழுவதுமாகத் தலைகாட்டும். சாதாரணச் சுமையில் அது சிறிய அளவே. நம் 100 கிலோமீட்டர் எடுத்துக்காட்டில், ஓடும் சர்க்யூட்டின் எதிர்முனையில் ஒரு கம்பி தரையைத் தொட்டால், நிறுத்திய கம்பியின் நெடுகிலும் சுமார் 40,000 வோல்ட் தூண்டப்படும். பழுது தீரும் வரைதான், நொடியின் ஒரு சிறு பங்கு நேரம்தான். ஆனாலும் மேலே ஏறியிருப்பவருக்கு அந்த நேரமே போதும்.

இரு முனைகளிலும் எர்த் செய்தால் அந்த மின்னழுத்தம் மூடிய வளையத்தில் மின்னோட்டமாக ஓடித் தீர்ந்துவிடும். அதே பழுதில், எர்த் செய்த ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 410 ஆம்பியர் ஓடும். திருநெல்வேலிப் பொறியாளருக்கு மேலே சொன்ன 79 ஓம், இந்த 410 ஆம்பியரால் வருவதே. ரிலேயைத் தவறவைக்கிற அதே மின்னோட்டம் கோபுரத்தில் இருப்பவரைக் காக்கிறது. ஆகவே ரிலேக்காக எர்த் சுவிட்சை ஒரு முனையில் திறந்து வைக்கலாமா என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது என்பதுதான் பதில். மாற்ற வேண்டியது ரிலேயின் அமைப்பை. இரு முனை எர்த் சுவிட்சுகளோடு, வேலை நடக்கும் கோபுரத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு போட வேண்டும். கம்பியில் மாட்டும் கிளாம்பைக் கையால் திருகிவிட்டு விட்டுவிடாமல், 410 ஆம்பியர் அந்தத் தொடுபுள்ளி வழியாகப் போகக்கூடும் என்பதை நினைவில் வைத்து, துரு சுரண்டி, அசையாத அளவுக்கு இறுக்க வேண்டும். கழற்றும்போது கம்பிப் பக்கத்தை முதலில் எடுத்து, தரைப் பக்கத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும்.